ரொம்பச் சுத்தமான தட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

வெற்றுத் தட்டில் இரண்டு புள்ளிகள்.

பதினான்கு வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. நொதியில் கிருமி இருக்கிறதா என்று அதைத் தட்டில் ஊற்றி முளைக்க வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. வெற்றுத் தட்டு என்பது நொதி எதையும் சேர்க்காமல், பாட்டிலில் இருக்கும் கரைப்பு நீரை மட்டும் ஊற்றி வைப்பது. எங்கள் கையும் காற்றும் கண்ணாடிப் பாட்டிலும் சுத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி. அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. இன்று பார்த்தால் வெள்ளை வெளேரென்று இரண்டு. அந்தத் தொகுதித் தட்டுகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. மேலாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

போன வியாழக்கிழமை ஊற்றிய தட்டுகள். அன்று என் மகள் குட்டியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், நான் மதியமே ஓட வேண்டியிருந்தது. ஓடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். அப்படியென்றால் யார்?

புதிதாக வந்திருப்பவன்மேல்தான் எனக்குச் சந்தேகம். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை செய்யும்போது விசிலடிப்பான், அதனால் அவனுக்கு விசில் என்றே பெயராகிவிட்டது. இதற்கு முன் நொதி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் இருந்தானாம். நல்ல வேலையை விட்டுவிட்டு எங்களுடைய சின்ன ஆய்வுக்கூடத்துக்கு ஒருவன் ஏன் வர வேண்டும்? கேட்டால் வீடு பக்கம் என்கிறான். வீடு பக்கமாம்.

இன்னொரு ஆள், பாட்டில் கழுவுகிற பன்னிரண்டு அக்கா. ஒவ்வொரு பாட்டிலையும் பன்னிரண்டு முறை அலசுவார், அதை வாய்விட்டு எண்ணுவார். காலையில் நுழைந்தால் கழுவும் அறையிலிருந்து ஒன்று, ரெண்டு, மூணு என்று ஒண்ணாம் வகுப்பு மாதிரி கேட்கும். எண்ணுகிற ஆள் எங்காவது பராக்குப் பார்த்திருக்கலாம் அல்லவா?

மார்ச் 5, புதன்

பூட்டு வாங்கிவிட்டேன். இனி என் கண்ணாடிப் பாட்டில்களை நானே கழுவிக்கொள்வேன், என் அலமாரியில் பூட்டி வைப்பேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

தரை துடைக்க வைத்திருக்கும் கிருமிநாசினிதான் இருப்பதில் வீரியமானது. அதில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, மூன்று தடவை அலசி, ஓவனில் வைத்து எடுத்தேன். கண்ணாடி பளபளவென்று இருக்கிறது. முகர்ந்தால் லேசாக ஆஸ்பத்திரி வாசனை. அந்த வாசனை வந்தால்தான் எனக்கு நிம்மதி.

பன்னிரண்டு அக்காவுக்கு முகமே விழுந்துவிட்டது. “என் கையில என்ன குறை கண்டீங்க?” என்றார். குறை ஒன்றும் இல்லை, என் திருப்திக்கு என்றேன். அவர் குழாயைத் திறந்து ஒன்று, ரெண்டு என்று ஆரம்பித்துவிட்டார். இன்று கொஞ்சம் சத்தமாகவே எண்ணின மாதிரி இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

குட்டிக்கு மறுபடி வயிற்று வலி.

அவளுக்கு ஒன்பது வயது. சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளாது. பாலில் இருக்கும் சர்க்கரையை அவள் வயிறு ஏற்காது. அதற்காகவே விற்கிற தனிப் பால்தான் அவளுக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாலில் சேர்க்கிற லாக்டேஸ் நொதியைச் சோதிப்பதே நான்தான். ஈஸ்டிலிருந்து எடுப்பது. பாலின் சர்க்கரையை அதுதான் உடைத்துக் கொடுக்கும். அதைச் சூட்டில் போட முடியாது, செத்துவிடும். ஆகவே பாலைக் கடுமையாகக் காய்ச்சி, ஆற வைத்து, அப்புறம்தான் நொதியைச் சேர்த்துப் பாக்கெட்டை மூடுகிறார்கள். அதற்கு மேல் அந்தப் பால் சூட்டையே பார்க்காது. நொதியோடு ஓர் உயிருள்ள ஈஸ்ட் போனால்கூட அது பாக்கெட்டுக்குள் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். அதனால்தான் எங்கள் தட்டில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்.

அந்தப் பாலைக் குடித்தும் வயிறு வலிக்கிறது என்றால்? மாமியார் சாதாரணப் பாலைக் கலந்து கொடுக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். பால் என்றால் பால்தானே, இதில் என்ன தனிப் பால் என்று முன்பு ஒரு தடவை முனகியிருக்கிறார். பாக்கெட்டை ஜாடியில் ஊற்றி, பால் மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டேன்.

அவர் பார்த்துவிட்டார். குட்டியின் அப்பாவைத்தான் இந்த வீட்டில் ‘அவர்’ என்பது. “நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும். நாங்களாவது ஜாமீன் எடுத்துட்டு வெளிய இருந்திருப்போம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது. குட்டி பள்ளியில் தோழியின் ஐஸ்கிரீமைத் தின்றாளாம். மாமியாரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 12, புதன்

லாட் 31. என் தட்டுகளில் பூஜ்யம். விசிலின் தட்டுகளில் ஏழு புள்ளிகள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே லாட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த நொதியை, இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலாளர் கையெழுத்துப் போடுவார், நொதி பால் ஆலைக்குப் போகும். நான் இதுவரை யாரோடும் ஒத்துப்போகாமல் இருந்ததில்லை. வேலையில் சொல்கிறேன்.

அதே நொதி, அதே குளிர்பெட்டி, ஒரே நாள். எனக்குப் பூஜ்யம், அவனுக்கு ஏழு. கிருமி ஆள் பார்த்தா முளைக்கும்?

மார்ச் 17, திங்கள்

லாட் 32. எனக்குப் பூஜ்யம். அவனுக்குப் பதினொன்று.

ஒரு தடவை என்றால் கைப்பிசகு. இரண்டு தடவை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. மதியம் கேன்டீனில் அவன் மூலையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். “இல்ல சார், இன்னும் ஒரு லாட் பார்த்துட்டு சொல்றேன்” என்று தெளிவாகக் கேட்டது. நான் டீயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனதும் போனை வைத்துவிட்டான். யார் என்று கேட்டேன். பழைய மேலதிகாரி, சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன் என்றான்.

பழைய மேலதிகாரி என்றால் பழைய கம்பெனி. பழைய கம்பெனியும் லாக்டேஸ்தான் தயாரிக்கிறது. இந்த லாட்டுகள் விழுந்தால் பால் ஆலை யாரிடம் போய் வாங்கும்? இரண்டும் இரண்டும் நாலு என்பதற்கு எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று அவனே என் மேஜைக்கு வந்தான். என் தட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டான். எண்ணி முடித்த தட்டுகள், பார்ப்பதில் தப்பில்லை. வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் விசிலடிக்கவில்லை.

“ரொம்பச் சுத்தமா இருக்கு மேடம்.”

சுத்தமாக இருந்தால் குற்றமா என்றேன்.

“குத்தம்னு சொல்லல. இவ்வளவு சுத்தமா இருக்கறதுதான் இடிக்குது. உங்க பாட்டில் ஒண்ணு கடன் குடுங்களேன், ஒரே ஒரு நாள்.”

என் பாட்டிலில் எதையாவது போட்டு, பார் இங்கேயும் முளைக்கிறது என்று காட்டப் பார்க்கிறான். நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? என் பாட்டிலை யாரும் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. கழுவும் அறையில் எண்ணுகிற சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

மார்ச் 20, வியாழன்

நேற்று மாலை கிளம்பும்போது மாதிரிகள் வைத்திருக்கும் குளிர்பெட்டிக் கதவில் என் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு வந்தேன். காலையில் முடி இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷிதான், பொய் சொல்லக் கூடாது. யார் திறந்தது என்று விசாரித்தால், பன்னிரண்டு அக்கா. பனிக்கட்டி சேர்ந்திருந்ததாம், துடைத்தாராம். “கதவுல ஏதோ முடி ஒட்டியிருந்துச்சு, அதையும் துடைச்சுட்டேன்” என்றார்.

முடி வேலைக்காகவில்லை. ஆனால் அவன்தான். எனக்குத் தெரியும்.

மார்ச் 21, வெள்ளி

மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். அவனுடைய பழைய கம்பெனி, போன் பேச்சு, பாட்டில் கேட்டது, எல்லாவற்றையும் தேதியோடு. ‘வேண்டுமென்றே கிருமி சேர்த்து லாட்டுகளைத் தோற்கடிக்க முயல்வதாகச் சந்தேகிக்கிறேன்’ என்ற வரியை மூன்று தடவை அடித்து மூன்று தடவை எழுதினேன். கடைசியில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினான்கு வருஷமாக உங்களைத் தெரியும் என்றார். ஒத்துப்போகாதபோது மூன்றாவது சோதனை செய்வதுதான் விதி, பாதுகாப்பாக எடுத்து வைத்த மாதிரியிலிருந்து. திங்களன்று நீங்களே செய்யுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

மார்ச் 24, திங்கள்

மூன்றாவது சோதனை. என் பிப்பெட், என் பாட்டில், என் சாவி. மேலாளர் கைகட்டி நின்று பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விசிலும் நின்றான். லாக்டேஸைக் கரைப்பு நீர் பாட்டிலில் விட்டுக் குலுக்கி வைத்தேன், இருபது நிமிஷம் கழித்துத் தட்டில் ஊற்றினேன். கை கொஞ்சம்கூட ஆடவில்லை.

ஐந்து நாள் பொறுக்க வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

இன்னும் இரண்டு நாள். தட்டுகளை முளைக்க வைக்கும் இன்குபேட்டருக்கு மேலாளர் சீல் வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் மூன்று தடவை நடந்தேன், சீல் இருக்கிறதா என்று பார்க்க.

மார்ச் 29, சனி

பூஜ்யம். இரண்டு லாட்டும். ஒரு பொட்டுகூட இல்லை.

விசிலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்று கடிதத்தில் இருக்கிறது, ஆனால் அவன் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இன்றே இரண்டு லாட்டும் பால் ஆலைக்குக் கிளம்பின.

போகும்போது என்னிடம் வந்தான். திட்டுவான் என்று தயாராக நின்றேன். “வீட்டுல அம்மா படுத்த படுக்கை மேடம். அதுக்குத்தான் பக்கத்துல வேலை தேடி வந்தேன்” என்றான். அவ்வளவுதான்.  ஆனால் தட்டு பொய் சொல்லாது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “ஜெயிச்சுட்ட” என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. இதில் ஜெயிக்க என்ன இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

ஆய்வுக்கூடம் ரொம்ப அமைதியாக இருக்கிறது. விசில் சத்தம் காதில் விழாததே ஒரு மாதிரி இருக்கிறது. நல்லதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் ஒரு கலாட்டா. அலமாரியில் வைத்திருந்த குட்டியின் பால் பாக்கெட் ஒன்று உப்பிப்போய் இருந்தது, ஊதின பலூன் மாதிரி. மாமியார்தான் எடுத்துக் காட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறார் என்று எனக்கு உடனே தோன்றியது, சொல்லியும்விட்டேன். சூட்டில் வைத்தால் உப்பாமல் என்ன செய்யும்?

“நான் ஏன்மா அங்க கொண்டுபோய் வெக்கிறேன்? நீ வெச்ச இடத்துலதான் இருந்துச்சு. வீட்டுல எது நடந்தாலும் நான்தானா?” என்று மாமியார் அழுதுவிட்டார். பத்து வருஷத்தில் அவர் என் முன்னால் அழுததில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பாக்கெட்டை வெட்டினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. புளித்த மாவு வாசனை.

அந்த வாசனை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 14, திங்கள்

வேலைக்குப் போகிற வழியில் கடைக்காரரிடம் கேட்டேன். அந்தப் பாலா, நீங்க ஒருத்தர் இல்ல மேடம், நாலு பேர் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க என்றார். அலமாரியில் பின்வரிசையைக் காட்டினார். மூன்று பாக்கெட் உப்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் மூன்றும் நாலும் தயாரித்தவை. லாட் 31, 32 ஆலைக்குப் போய்ச் சேர்ந்த அதே வாரம்.

மீதி வழியை ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன்.

ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதே மேலாளர் போனில் இருந்தார். பால் ஆலை அந்த வாரப் பால் அனைத்தையும் திரும்ப எடுக்கிறது. குடித்த சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆபத்து ஒன்றும் இல்லையாம். ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு பேராம். ஆறு பேர்.

விசில்தான் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்றேன். மேலாளர் என்னைப் பார்த்தார். மூன்றாவது சோதனைக்கு அவன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே நின்றான், அப்புறம் அவன் உள்ளேயே வரவில்லையே என்றார். ஆமாம். அப்படியென்றால் பால் ஆலையில் யாராவது. அப்படியென்றால் லாரியில். அப்படியென்றால் நொதி கம்பெனிக்காரனே நமக்கு நல்ல மாதிரியை அனுப்பிவிட்டு ஆலைக்கு வேறொன்றை —

ஆனால் நமக்கு அனுப்பிய அதே மாதிரியில் விசிலுக்கு முளைத்ததே. ஏழும் பதினொன்றும்.

சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோய்க்கொண்டே வருகிறது. எனக்கு இப்போது அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

கழுவும் அறைக்குப் போனேன். பன்னிரண்டு அக்கா எட்டில் இருந்தார். முடிக்கும்வரை காத்திருந்தேன். ஏன் பன்னிரண்டு என்று கேட்டேன். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய அதிகாரி சொல்லிக் கொடுத்தாராம். சோப்பும் மருந்தும் கண்ணாடியைச் சுலபத்தில் விடாது, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும், சூட்டில் வைத்தாலும் போகாதாம்.

“பாட்டில்ல மருந்து ஒட்டியிருந்தா உள்ள விடற கிருமி அங்கேயே செத்துரும். அப்புறம் தட்டுல ஒண்ணும் வராது. நாம எல்லாம் சுத்தம்னு நெனச்சுக்குவோம்.”

 இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று புரிந்தது.

“நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். அதுவும் இல்லாம, நீங்க என் கையை நம்பலையே.”

அந்தத் தம்பி தன்னிடம் வந்து ஒரு தடவை கேட்டான் என்றும் சொன்னார். மேடம் எத்தனை தடவை அலசுவாங்க என்று. மூன்று என்று இவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பாட்டில் கடன் கேட்டிருக்கிறான். அதனால்தான் பழைய மேலதிகாரிக்குப் போன் போட்டிருக்கிறான். என்னை மாட்டிவிட வேண்டும் என்றால் நேராக மேலாளரிடம் போயிருக்கலாம். முதலில் என்னிடம்தானே வந்தான்.

நான் கத்தினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அப்புறம் இன்னொன்று. மார்ச் மாதம் வெற்றுத் தட்டில் முளைத்த இரண்டு புள்ளிகளைப் பற்றிக் கேட்டேன். அக்கா கொஞ்சம் தயங்கினார். “அன்னிக்கு நான் லீவும்மா. நீங்க அவசரமா ஸ்கூலுக்குப் போகணும்னு ஓவன்லேருந்து பாட்டிலைப் பாதியில எடுத்தீங்கன்னு மறுநாள் பேசிக்கிட்டாங்க.”

எடுத்தேன். எடுத்தேன்தான். இப்போது கண்ணெதிரே தெரிகிறது, துணியால் பிடித்து எடுத்ததும், நேரம் ஆகிவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்ததும். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. அது என் கை என்பதால் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் சோதனை வைத்தேன். அலமாரியில் பூட்டி வைத்திருந்த என் பாட்டில் ஒன்று, அக்கா கழுவிய பாட்டில் ஒன்று. இரண்டிலும் ஒரே அளவு உயிருள்ள ஈஸ்ட். இரண்டிலும் இருபது நிமிஷம். தட்டில் ஊற்றி, மேலாளரைக் கூப்பிட்டுச் சீல் வைக்கச் சொன்னேன். என்ன இது என்றார். இவ்வளவு ஈஸ்ட் விட்டால் மூன்றே நாளில் தெரிந்துவிடும், வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

முளைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் தட்டிலும் முளைத்துவிட்டால் நான் தப்பித்தேன். அப்படி வேண்டிக்கொள்வதே எவ்வளவு கேவலம்.

ஏப்ரல் 18, வெள்ளி

அக்கா பாட்டில்: எண்ண முடியவில்லை, தட்டு முழுக்க.

என் பாட்டில்: பூஜ்யம்.

இரண்டு தட்டையும் மேலாளர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்த முறை அரைப் பக்கம்தான் எழுதினேன். என் கண்ணாடியில் கிருமிநாசினி மிச்சம் இருந்தது, அதனால் இரண்டு லாட்டிலும் இருந்த ஈஸ்ட் என் தட்டில் வராமல் செத்தது, இரண்டாவது சோதனையாளர் எண்ணியதே சரி, அவர்மேல் நான் எழுதிக் கொடுத்தது தவறு. ‘சந்தேகிக்கிறேன்’ என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை.

மேலாளர் இரண்டு தட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, மூன்றாவது சோதனையில் பக்கத்தில் நின்றவன் நான்தானே, பாட்டில் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்னவோ. எனக்கு ஆறவில்லை. அந்த ஆறு பேரில் ஒரு பாட்டி இன்னும் எழுந்து உட்காரவில்லையாம்.

ஏப்ரல் 19, சனி

அவன் வீட்டுக்குப் போனேன். உண்மையிலேயே பக்கம்தான், நடந்து பத்து நிமிஷம். கதவைத் திறந்தவன் கையில் ஈரத்துணி. உள்ளே அவன் அம்மா படுத்திருந்தார். தப்பு என்னுடையது என்று வாசலிலேயே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. சொல்வான் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

“எங்கம்மா அன்னிக்கு என்ன கேட்டாங்க தெரியுமா மேடம்? நீ எதாவது திருடிட்டியான்னு கேட்டாங்க.”

 திரும்பி வரும்போது வழி முழுக்க அழுதேன். பாட்டிலை விட்டு மருந்து போய்விடும், இது எத்தனை தடவை அலசினாலும் போகாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதியோர் இல்லத்துப் பாட்டி எழுந்து கஞ்சி குடித்தாராம். மேலாளர் போன் போட்டுச் சொன்னார். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டே, சரி விடு என்றார். விட்டாரா என்று தெரியவில்லை.

மே 5, திங்கள்

விசில் மறுபடி வேலைக்கு வந்துவிட்டான். முதல் சோதனையாளர் இடம் இப்போது அவனுக்கு. எனக்கு மூன்று மாதம் தட்டு எண்ணும் உரிமை இல்லை. அதுவரை கழுவும் அறையில் அக்காவோடு. நானேதான் கேட்டேன், ஆனால் கேட்காமல் இருந்தாலும் கிடைத்திருக்கும்.

விசில் என்னிடம் வேலைப் பேச்சுத் தவிர ஒன்றும் பேசுவதில்லை. விசிலும் அடிப்பதில்லை. அதை நான் சரிசெய்ய முடியாது.

மே 6, செவ்வாய்

தண்ணீர் ஏழாவது அலசலுக்கு மேல் கையை மரத்துப்போக வைக்கிறது. பன்னிரண்டு என்பது எவ்வளவு நீளம் என்று வெளியிலிருந்து கேட்டவளுக்குத் தெரியாது. எனக்கு நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய்விடுகிறது. “விட்டுப்போனா ஒண்ணுலேருந்து” என்கிறார் அக்கா. அதில் இரக்கமே கிடையாது.

மே 20, செவ்வாய்

இன்று காலை குப்பைக்குப் போகிற தட்டுகளை அள்ளும்போது ஒன்றைப் பார்த்தேன். ஓரத்தில் விசிலின் கையெழுத்து: ‘மேடம் கழுவியது, பாட்டில் 4.’ போன வாரத் தேதி. தட்டு முழுக்க ஈஸ்ட், எண்ண முடியாத அளவுக்கு.

நான் கழுவிய பாட்டில்களில் ஒன்றை எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய், கிருமி விட்டுச் சோதித்திருக்கிறான். அது செத்துப்போகிறதா, பிழைக்கிறதா என்று. யாரிடமும் சொல்லவில்லை. பதிவேட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் ஒரே ஒரு வார்த்தை: சரி.

கோபம் வரும் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பாட்டிலை, என்னைக் கேட்காமல். மார்ச் மாதத்து நானாக இருந்தால் கட்டிடமே அதிர்ந்திருக்கும். எவ்வளவு நேரம் நின்றாலும் வரவில்லை. அந்தத் தட்டைத் தூக்கிப் போடத்தான் மனசு வரவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கிருமியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை.

இன்று நாற்பது பாட்டில் கழுவினேன். இரண்டு தடவை எண்ணிக்கை விட்டது, இரண்டு தடவையும் ஒன்றிலிருந்து. மாலையில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, கிளம்பும்போது அதில் ஒன்றை எடுத்து அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.